வீட்டில் செய்யும் கேமராவுக்குப் பற்சக்கரம் தேடுவது எப்படி

ஒளி புகாத ஒரு பெட்டியும் அதில் ஒரு ஊசித்துளையும் இருந்தால் படம் விழுந்துவிடும். அது அரை நாள் வேலை. அந்தப் பெட்டிக்குள் 35 மி.மீ. ஃபிலிம் சுருளைப் பொருத்தி, ஒரு படம் எடுத்தவுடன் அடுத்த படத்துக்கு வேண்டிய அளவு மட்டும் ஃபிலிமை நகர்த்த வேண்டும் என்ற கட்டம் வரும்போதுதான், கேமரா செய்யத் தொடங்கியவர்களில் பலர் அதை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். பற்சக்கரம், தண்டு, ஸ்பிரிங், எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டும் எண்ணி ஆகியவற்றை எங்கே வாங்குவது, வாங்கியது பொருந்துமா என்று எப்படி அறிவது என்பவைதான் அவர்களைத் தடுப்பவை. இக்கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

என் அனுபவத்தில் ஒரு முறை மட்டுமே உருப்படியாக வேலை செய்திருக்கிறது. முதலில் படம் வரைந்துவிட்டு அந்தப் படத்துக்கேற்ற பற்சக்கரத்தைத் தேடி அலையாமல், கிடைக்கக்கூடிய பழைய கருவி ஒன்றை முழுதாக வாங்கி, அதற்குள் ஏற்கெனவே ஒன்றோடொன்று கடித்து ஓடிக்கொண்டிருக்கும் பற்சக்கரங்களை அளந்து, அவற்றைச் சுற்றிக் கேமராவின் உடலை வரைய வேண்டும். ஜோடியாக ஓடிய இரண்டு சக்கரங்களைச் சேர்த்தே எடுத்தால், அவற்றின் பல் அளவு, கோணம், நடுவிட தூரம் (ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம்வரை உள்ள தூரம்) ஆகிய எல்லாவற்றையும் ஒரு தொழிற்சாலைப் பொறியாளர் முன்பே கணக்கிட்டு முடித்திருப்பார்.

கடைக்குப் போகும்முன் போட வேண்டிய கணக்கு

35 மி.மீ. ஃபிலிமின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகளுக்கு இடையேயான தூரம் 4.75 மி.மீ. வழக்கமான 24×36 மி.மீ. படம் ஒன்றுக்கு 8 துளைகள் நகர வேண்டும். அதாவது 38 மி.மீ. இதனால்தான் ஏறத்தாழ எல்லா 35 மி.மீ. கேமராக்களிலும் ஃபிலிமைப் பிடித்து நகர்த்தும் ஸ்ப்ராக்கெட்டுக்கு 8 பற்கள் இருக்கின்றன. அது ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு படம் நகர்ந்துவிடும்.

ஸ்ப்ராக்கெட் இல்லாமல், எடுத்த ஃபிலிமைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும் கழியை மட்டும் படத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கழியின் விட்டம் 14 மி.மீ. என்று கொண்டால், முதல் சுற்றில் 44 மி.மீ. ஃபிலிம் ஏறும். 36 படச் சுருள் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளமும் 0.13 மி.மீ. தடிமனும் உடையது. அது முழுதும் ஏறிய பிறகு கழி 21 அல்லது 22 மி.மீ. விட்டத்துக்குத் தடித்திருக்கும், அப்போது ஒரு சுற்றில் 67 மி.மீ.க்கு மேல் நகரும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த படங்கள் போகப்போக விலகி, சுருளில் கணிசமான பகுதி வெற்றிடமாகவே போய்விடும். ஆகவே அளவைத் தீர்மானிக்கும் வேலை ஸ்ப்ராக்கெட்டுக்கும், நகர்ந்துவந்த ஃபிலிமைத் தொய்வின்றிச் சுருட்டிக்கொள்ளும் வேலை கழிக்கும் உரியவை. கழியை ஸ்ப்ராக்கெட்டுக்குச் சமமான வேகத்தில் ஓட்டி, நடுவில் வழுக்கிக்கொடுக்கும் ஒரு கிளட்ச் வைத்துவிட்டால், மிகையான சுழற்சியை அந்தக் கிளட்ச் விழுங்கிக்கொள்ளும்.

எனவே தேடும் பொருள்களின் பட்டியல் நாம் அஞ்சிய அளவுக்கு நீளமானதன்று. 8 பல் ஸ்ப்ராக்கெட் ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் அதை நிறுத்தும் கொக்கி ஒன்று, சமமான இரண்டு பற்சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே ஓர் இடைச்சக்கரம், வழுக்கும் கிளட்ச் ஒன்று, பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ராட்செட் ஒன்று, வசதியிருந்தால் எண்ணி ஒன்று. இடைச்சக்கரத்துக்கு எத்தனை பல் இருந்தாலும் வேக விகிதம் மாறாது; தூரத்தை நிரப்புவதும் திசையைச் சரிசெய்வதும் மட்டுமே அதன் வேலை.

பற்சக்கரமே வேண்டாத வழிகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 120 என்ற அகலமான ஃபிலிம் வகையின் பின்தாளில் எண்கள் அச்சிடப்பட்டிருப்பதால், பெட்டியின் முதுகில் ஒரு சிவப்புச் சன்னல் வைத்து எண்ணைப் பார்த்தே சுற்றிவிடலாம்; ஒரு காலத்தில் இந்திய வீடுகளில் பரவலாக இருந்த ஆக்ஃபா கிளிக் 3 அப்படித்தான் இயங்கியது. 35 மி.மீ. ஃபிலிமுக்கும், வளையும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றின் நுனி துளைகளில் விழுந்து 'டிக்' என்று ஒலிக்கும்படி ஒட்டிவிட்டு, 8 'டிக்' எண்ணித் திருப்பலாம். முதல் கேமராவைச் செய்பவருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

பல்லின் அளவைப் படித்தறிதல்

பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் அவற்றின் மாட்யூல், அதாவது பல்லின் பருமனைக் குறிக்கும் எண், ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் கண்டறிய ஒரு வெர்னியர் அல்லது டிஜிட்டல் காலிப்பர் போதும். பற்களை எண்ணி, அதனுடன் 2 கூட்டிக்கொள்ளவும். சக்கரத்தின் வெளிவிட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்து, அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்கவும். 20 பல் சக்கரம் 11 மி.மீ. விட்டம் காட்டினால், 11-ஐ 22-ஆல் வகுக்க 0.5 வரும், அதுவே மாட்யூல். பற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பல்லுக்கு நேர் எதிரே பள்ளம் இருக்கும் என்பதால் காலிப்பர் சற்றுக் குறைவாகக் காட்டும். அதை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு சக்கரங்களின் நடுவிட தூரத்தை அறிய, இரண்டின் பற்களையும் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, 2-ஆல் வகுக்க வேண்டும்.

விடை 0.53 என்று வந்தால் அங்கே நிற்க வேண்டும். அது 0.5 மாட்யூல் அன்று. அங்குல முறையில் செய்யப்பட்ட 48 டிபி சக்கரம் (டிபி என்பது ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு). இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ரேடியோ கட்டுப்பாட்டுக் கார்களுக்கான உதிரிச் சக்கரங்கள் சிலவற்றைப் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தன என்பதற்காக வாங்கி, என்னிடமிருந்த பொம்மைக் கியர்களோடு இணைத்தேன். விரலால் தள்ளிச் சுற்றியபோது ஓடியது. ஃபிலிம் ஏற்றிச் சுமை கொடுத்தபோது சில பற்களில் இறுகி, சிலவற்றில் தளர்ந்து, ஏழாவது படத்தில் ஒரு பல் உடைந்து கேமராவுக்குள்ளேயே விழுந்தது. 20 பல் சக்கரம் 0.5 மாட்யூலில் 11 மி.மீ.; 48 டிபியில் 11.64 மி.மீ. கண் இந்த வேறுபாட்டைப் பிடிக்காது, காலிப்பர் பிடித்துவிடும். 64 டிபியும் 0.4 மாட்யூலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபடுவதால், கையால் சுற்றும் சிறு கருவிகளில் அவற்றைச் சேர்த்து ஓட்டிவிட முடியும்; ஆனாலும் அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

காயலான் கடையும் பழுதுபார்க்கும் கடையும்

கேமரா செய்பவருக்குப் பழைய கேசட் டேப் ரெக்கார்டரைப் போல வாரி வழங்கும் பொருள் வேறொன்று இல்லை. காயலான் கடைக்குச் சென்று, "அண்ணே, ஓடாத டேப் ரெக்கார்டர் ஏதாவது கிடக்குதா? பாட வேண்டாம், உள்ளே மெஷின் மட்டும் முழுசா இருந்தா போதும்" என்று கேட்டால், பெரும்பாலும் மின்விசிறிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒன்று வெளிவரும். எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். 'கேமரா செய்யப் போகிறேன்' என்று விளக்கத் தொடங்கினால் கடைக்காரருக்கு ஆர்வமும் விலையும் சேர்ந்தே ஏறும் என்பதால், அந்த விளக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினால், டேப்பைச் சுருட்டும் சக்கரத்தின் அடியில் வட்டமான கம்பளித் துண்டு ஒன்றும், அதை அழுத்திக்கொண்டிருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் தெரியும். மேற்பகுதியை விரலால் பிடித்துக்கொண்டு கீழ்ப்பகுதியைச் சுழற்றினால், அது மெல்ல வழுக்கிக்கொண்டே சுழலும். நமக்கு வேண்டிய வழுக்கும் கிளட்ச் இதுதான். கேசட்டிலும் டேப் ஏற ஏறச் சுருள் தடிக்கிறது. நாம் ஃபிலிமில் எதிர்கொள்ளும் அதே சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு இது. அந்தத் தொகுதியைச் சிதைக்காமல் தண்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். தண்டின் நுனியில் சக்கரம் கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் சிறிய இ-கிளிப்பைத் தட்டைத் திருப்புளியால் நெம்பும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளவும். அது பறந்து போனால் கிடைக்காது.

சற்றுப் பழைய கருவிகளில் மூன்று இலக்க எண்ணி ஒன்றும், அதைப் பூச்சியமாக்கும் பொத்தானும் இருக்கும். படங்களை எண்ண இது மிகப் பொருத்தமானது. எண்ணியின் கடைசி உருளையில் 10 எண்கள் இருப்பதால், ஸ்ப்ராக்கெட் 10 சுற்று சுற்றும்போது உருளை 1 சுற்று சுற்ற வேண்டும். எண்ணிக்குள்ளேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஓரளவு இருக்கும். அதன் புல்லியை எத்தனை சுற்று திருப்பினால் ஓர் எண் நகர்கிறது என்று கையால் சுற்றிப் பார்த்து, எஞ்சியதை பெல்ட்டாலோ பற்சக்கரத்தாலோ ஈடுகட்ட வேண்டும். ரப்பர் பெல்ட்டுகளை மட்டும் எடுக்க வேண்டாம். பழையவை ஒன்று வெடித்திருக்கும் அல்லது தார் போல உருகியிருக்கும்.

அடுத்து, ஓடாத கேமராக்கள். ஷட்டர் இறந்துபோன 35 மி.மீ. கேமராவில் ஸ்ப்ராக்கெட், ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கவை, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் அழுத்தத் தகடு ஆகிய மூன்றும் முழுதாக இருக்கும். இவை மூன்றையும் வீட்டில் செய்வது கடினம், மற்றவற்றைச் செய்துவிடலாம். மும்பையின் மட்டன் தெரு, கொல்கத்தாவின் மெட்ரோ கல்லி, தில்லி சாந்தினி சௌக்கில் உள்ள கேமராச் சந்தை ஆகியவை இவற்றுக்குப் பெயர் பெற்றவை. அவ்வளவு தூரம் போக முடியாதவர், தம் ஊரில் முப்பது ஆண்டுகளாக நடக்கும் ஸ்டுடியோ ஒன்றில் கேட்டுப் பார்க்கலாம். பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி நிச்சயமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு இருமுறை இருந்தது.

ஃபிளாஷ் உள்ள எந்தக் கேமராவையும் திறக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கேமராக்களிலும் இது உண்டு. காப்பிடப்பட்ட கம்பிகளுடன் கூடிய சில கிலோ ஓம் மின்தடை ஒன்றை, அதிக வாட் தாங்குவதாகப் பார்த்து, அதன் இரு முனைகளிலும் சில விநாடிகள் வைத்து வெறுமையாக்கி, மல்டிமீட்டரால் சரிபார்த்த பிறகே உள்ளே விரலை வைக்க வேண்டும். திருகாணிகளைப் பற்றியும் ஒரு சொல்: ஜப்பானியக் கேமராக்களின் நட்சத்திரத் திருகாணிகள் நம் வழக்கமான பிலிப்ஸ் திருப்புளிக்கு முழுமையாகப் பொருந்தாமல் தலை சிதைந்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகைத் திருப்புளி ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொள்வது, பிறகு துளையிட்டு எடுப்பதைவிட மலிவு.

பிரிண்டர்களும் ஜெராக்ஸ் இயந்திரங்களும் பெரிய கேமராக்களுக்கும், கேமராவை நகர்த்தும் தண்டவாளங்களுக்கும் ஏற்றவை. பழுதுபார்க்கும் கடைகளில் கழித்துப் போட்டவற்றில் வழவழப்பான எஃகுத் தண்டுகள், டைமிங் பெல்ட்டுகள், ஒரே திசையில் மட்டும் சுழலும் கிளட்ச் பேரிங்குகள் கிடைக்கும். அந்த ஒருதிசை பேரிங் ஒன்று கிடைத்தால் ராட்செட் செய்யும் வேலையே மிச்சம். தண்டில் இறுக்கி ஏற்றப்பட்ட பழைய பிளாஸ்டிக் சக்கரங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளையிலிருந்து பல்லின் அடிவரை மயிரிழைபோல் விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்க்கவும். ஆண்டுக்கணக்கில் விறைப்பாக இருந்தவற்றில் இது மிகச் சாதாரணம். சிடி டிரைவில் சிறிய ஸ்டெப்பர் மோட்டாரும் திருகுத் தண்டும் கிடைக்கும். குவியத்தை நகர்த்த உதவும்.

கடிகாரங்களைப் பார்த்து மயங்குபவர்கள் அதிகம். சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரத்தின் பித்தளைச் சக்கரங்கள் அழகானவைதாம். ஆனால் அவற்றின் பற்கள் வேறு வளைவில் வெட்டப்பட்டவை, பல இடங்களில் எதிர்ச்சக்கரத்துக்குப் பதிலாகக் கம்பிகளால் ஆன கூண்டுப் பினியன் (சிறு சக்கரம்) இருக்கும். அவை தமக்குள் மட்டுமே ஓடும். பொம்மைக் கியரோடும் பிரிண்டர் கியரோடும் ஒத்துப்போகமாட்டா. எடுத்தால் தொடர் முழுவதையும் அப்படியே எடுக்க வேண்டும். சமையலறையில் பயன்படும் 60 நிமிடச் சுழல் டைமரோ, எதையும் கழற்றாமலே பயன்படும்: அது மணிக்கு ஒரு சுற்று, அதாவது நிமிடத்துக்கு 6 பாகை திரும்புவதால், மேலே ஒரு சிறிய கேமராவை வைத்துவிட்டால் நேரச்சுருக்கப் படங்களுக்கு மெதுவாகத் திரும்பும் தலை கிடைத்துவிடும்.

புதிதாக வாங்குவது

சென்னை ரிச்சி தெருவிலும், பொழுதுபோக்கு மின்னணுப் பொருள் விற்கும் இணையக் கடைகளிலும், பலவகை பிளாஸ்டிக் கியர்கள் கலந்த பொட்டலங்கள் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை 0.5 மாட்யூல். இவற்றின் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருந்தால் தேர்ந்தெடுப்பது எளிது. '202ஏ' என்றால் 20 பல், 2 மி.மீ. துளை, இறுக்கமாக ஏறும் வகை. '202பி' என்றால் அதே அளவு, ஆனால் தண்டின்மேல் தளர்வாகச் சுழலும் வகை. '28102பி' என்பது 28 பல் சக்கரமும் 10 பல் சக்கரமும் ஒட்டிய இரட்டைக் கியர். ஓட்டும் சக்கரங்களுக்கு 'ஏ' வகையும் இடைச்சக்கரத்துக்கு 'பி' வகையும் வேண்டும். எடுத்துக்காட்டாக, 24 பல் 'ஏ' வகை இரண்டும் நடுவே 18 பல் 'பி' வகை ஒன்றும் நேர்கோட்டில் வைத்தால், ஸ்ப்ராக்கெட்டுக்கும் கழிக்கும் இடையே 21 மி.மீ. கிடைக்கும். முழுதும் சுற்றிய கழியின் ஆரம் 11, ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 6 என்பதால், இடையில் 4 மி.மீ. இடைவெளி இருக்கும். பொட்டலத்தை வாங்கியவுடன் காலிப்பரால் ஒன்றிரண்டை அளந்து 0.5 தானா என்று உறுதிசெய்துகொள்ளவும்.

தண்டுக்கு நான் பயன்படுத்துவது சைக்கிள் ஸ்போக் கம்பி. துருப்பிடிக்காத எஃகில் செய்த 14 கேஜ் கம்பி 2 மி.மீ. தடிமனுடையது, 'ஏ' வகைக் கியர் அதில் தட்டி ஏற்றும்படி இறுகும். கடையில் பல தடிமன்களில் இருக்கும் என்பதால் காலிப்பரோடு போக வேண்டும். பேரிங் தேவைப்பட்டால் எண்ணைச் சொல்லிக் கேட்கவும்: 623 என்பது 3 மி.மீ. துளையும் 10 மி.மீ. வெளிவிட்டமும் கொண்டது, 608 என்பது 8-க்கு 22. கையால் சுற்றும் கேமராவுக்குப் பித்தளைத் தகட்டில் போட்ட துளையே போதும்.

முக்காலியில் பொருத்தும் திருகு கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. நம் ஹார்டுவேர் கடைகளில் 'கால் இஞ்ச் போல்ட்' என்று கேட்டால் பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை வகையைத் தருவார்கள். அதற்கும் 20 மரைதான். மரையின் கோணம் மட்டும் 60 பாகைக்குப் பதிலாக 55. நாமே செய்த மரப்பெட்டிக்கு இது போதும். விலையுயர்ந்த கேமராவின் அடியில் அதை முறுக்கி ஏற்ற வேண்டாம்.

வெட்டிக்கொள்வதும் அச்சிடுவதும்

எங்கும் கிடைக்காத அளவு தேவைப்பட்டால், கோவையிலோ அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளிலோ கியர் வெட்டும் பட்டறைகளை அணுகலாம். ஒரே ஒரு சக்கரத்துக்காக எந்தப் பட்டறையும் புதிய கட்டர் வாங்காது. ஆகவே, 'என்ன மாட்யூல் கட்டர் இருக்கு?' என்று முதலில் கேட்டு, அவர்களிடம் உள்ள அளவுக்கு நம் வரைபடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரிய வேலைகள் செய்யும் இடங்களில் 1 மாட்யூலுக்குக் கீழே கட்டர் இல்லாமலிருப்பது வழக்கம். உடைந்த பழைய சக்கரத்தை மாதிரியாகக் கொண்டுபோனால், விளக்கம் பாதியாகக் குறையும்.

முப்பரிமாண அச்சில், வழக்கமான 0.4 மி.மீ. முனையோடு 1 மாட்யூல் பற்கள் நன்றாக வருகின்றன, 0.5 மாட்யூல் பற்கள் உருகிய சோளக்கதிர் போல வரும். ஸ்ப்ராக்கெட் அச்சிடுவதானால், ஃபிலிம் படியும் உருளையின் விட்டத்தை ஏறக்குறைய 12 மி.மீ. என்று வைக்கவும். 38-ஐ π-ஆல் (3.1416) வகுத்தால் 12.1 வரும், ஃபிலிமின் தடிமனைக் கழித்தால் 11.97. துளையின் அளவு 2.8-க்கு 1.98 மி.மீ.; பல்லின் அடி அதைவிடச் சற்றுச் சிறுத்து, நுனி உருண்டிருக்க வேண்டும்.

பொருத்தும்போது

மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்து ஒரே முறையில் துளையிட்டால் தண்டுகள் சாயமாட்டா. கணக்கிட்ட நடுவிட தூரத்தை அப்படியே வைத்தால் பற்கள் இறுகும். சிறு விலகல் தேவை. வழக்கமான அச்சுத் தாள் 0.1 மி.மீ. தடிமனுள்ளது. அதில் ஒரு கீற்றைப் பற்களுக்கு இடையே கொடுத்து, சக்கரங்களை அழுத்திப் பிடித்து இடத்தைக் குறித்துவிட்டு, தாளை உருவிவிட்டால் வேண்டிய தளர்வு கிடைத்துவிடும். தண்டு உராயும் துளைகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஊசிமுனை அளவு போதும். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் சில மாதங்களில் பிசினாகிவிடும். ஷட்டர் இதழ்களில் எந்த எண்ணெயும் படக்கூடாது.

நல்ல ஃபிலிமை ஏற்றுவதற்கு முன், பயன்படுத்திய பழைய சுருள் ஒன்றை ஏற்றி, பின்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை சுற்றியதும் படச்சட்டத்தின் இடது ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடவும். 36 கோடுகள் போட்டபின் சுருளை முழுதாக உருவித் தரையில் விரித்து அளந்தால், முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே 1330 மி.மீ. இருக்க வேண்டும். 4.75-இன் மடங்குகளில் அது குறைந்தால், ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் எங்கோ துளையை விட்டுத் தாவியிருக்கின்றன. ஃபிலிமை அதன்மேல் இன்னும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். மொத்த நீளம் சரியாகவே இருந்து, கோடுகளின் இடைவெளி மட்டும் முன்னும் பின்னுமாக மாறினால், குற்றம் பற்சக்கரங்களில் இல்லை. ஸ்ப்ராக்கெட்டை ஒரு சுற்றில் நிறுத்தும் கொக்கிதான் சில சமயம் முந்தியும் சில சமயம் பிந்தியும் விழுகிறது, அதன் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கவும்.